பிள்ளையாருக்கு யானை வேண்டுமா? திருச்சூர் பூரம் சொல்லும் இருநூறு ஆண்டுக் கதை



சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் வளாகத்துப் பிள்ளையார் கோயில் வருஷாபிஷேகத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பி பிளாக் தம்பி ஒருவர் எழுந்து, "சார், இந்த வருஷம் கேரளாவுல இருந்து ஒரு யானை கூட்டிட்டு வருவோம். நெற்றிப்பட்டம் கட்டி, செண்டை மேளத்தோட மெயின் ரோடு வரைக்கும் ஊர்வலம் போவோம்" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. "பிள்ளையாருக்கு யானை வராம வேற எது சார் வரும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எதிர்ப்பும் வந்தது. "வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு, ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று ஏ பிளாக் அம்மா ஒருவர் கேட்டார். முடிவு எடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம்.

கை தூக்கி ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். அதனாலோ என்னவோ, "யானை ஊர்வலத்தோட வரலாற்றை நம்ம மடலுக்கு எழுதிக் கொடுங்க சார்" என்று செயலாளர் என்னிடமே பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். நான் வரலாறு படித்தவன் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் யானை ஊர்வலம் என்றால் உலகமே திரும்பிப் பார்க்கும் திருச்சூர் பூரத்தை நேரில் பார்த்திருக்கிறேன். அதன் கதையைத் தேடித் தேடிப் படித்தும் இருக்கிறேன். படித்ததையும் பார்த்ததையும் இங்கே வைக்கிறேன். எழுதி முடித்தபோது நான் கை தூக்கியது சரியா என்ற கேள்வியும் கூடவே வந்து நின்றது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மழையில் தொடங்கிய திருவிழா

திருச்சூரின் பழைய பெயர் திருச்சிவப்பேரூர். பெயரே தமிழ் போல ஒலிக்கிறது அல்லவா? ஊரின் நடுவில் ஒரு மேட்டில் வடக்குநாதர் கோயில் இருக்கிறது. மூலவர் சிவன். பல காலமாக நெய்யாலேயே அபிஷேகம் செய்வதால் லிங்கம் நெய்யால் மூடப்பட்டு ஒரு சிறு பனிமலை போலத் தெரியும். கோயிலைச் சுற்றி இருக்கும் பெரிய மைதானத்துக்குத் தேக்கின்காடு என்று பெயர். பெயர் சொல்வது போலவே ஒரு காலத்தில் அங்கே தேக்கு மரக் காடு இருந்தது.

அந்தக் காட்டை வெட்டி மைதானமாக்கி, கோயிலைச் சுற்றி வட்டச் சாலை போட்டவர் கொச்சி மன்னர் ராமவர்மா. 1790 முதல் 1805 வரை ஆண்டவர். கண்டிப்பு அதிகம் என்பதால் 'சக்தன் தம்புரான்', அதாவது வல்லமை மிக்க அரசர் என்று பெயர். வடக்குநாதர் கோயில் நிர்வாகத்தில் கோலோச்சிய நம்பூதிரித் தலைவர்களின் அதிகாரத்தை முடித்துவைத்தவரும் அவரே. வெளியூர்க் கிறிஸ்தவ வணிகர்களைக் கூப்பிட்டுக் குடியமர்த்தி, திருச்சூரை வியாபார ஊராக்கியவரும் அவரே. இன்று அங்கே ஜவுளிக் கடையும் நகைக் கடையும் நெருக்கியடித்து நிற்பதற்கு முதல் விதை அங்கே போடப்பட்டது.

அதற்கு முன்பு அந்த வட்டாரத்தின் பெரிய திருவிழா ஆறாட்டுப்புழா என்ற ஊரில்தான் நடந்தது. சுற்று வட்டாரத்துத் தெய்வங்கள் எல்லாம் யானை ஏறி அங்கே போய்ச் சேரும். 1790களில் ஒரு வருடம், மழை கொட்டித் தீர்த்ததில் திருச்சூர்ப் பக்கத்துக் கோயில்காரர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. தாமதமாக வந்தவர்களை அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. அவமானத்தோடு திரும்பியவர்கள் மன்னரிடம் முறையிட்டார்கள். "அவர்கள் சேர்க்காவிட்டால் என்ன? அடுத்த வருடம் முதல் நம் வடக்குநாதர் முன்னால் நமக்கென்று ஒரு பூரம் நடக்கட்டும்" என்று மன்னர் முடிவு செய்தார் என்பதுதான் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

பத்துக் கோயில்கள் பங்கேற்கும் என்று ஏற்பாடு. அவற்றை இரண்டு அணியாகப் பிரித்து, மேற்கே திருவம்பாடி, கிழக்கே பாறமேக்காவு என இரண்டு கோயில்களைத் தலைமையாக வைத்தார். மற்றவை கணிமங்கலம், காரமுக்கு, செம்புக்காவு, பனமுக்கும்பள்ளி, அய்யந்தோள், சூரக்கோட்டுக்காவு, லாலூர், நெய்தலக்காவு. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பத்துக் கோயில்கள்; அதே இரண்டு அணிகள்.

நம் சங்கத்தில் ஏ பிளாக், பி பிளாக் என்று கோலப் போட்டி வைத்தால் எப்படி இருக்கும்? கொஞ்சம் போட்டி இருந்தால்தான் வேலை நடக்கும் என்பது சக்தன் தம்புரானுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

36 மணி நேரம்

மலையாள மேட மாதம், அதாவது நம் சித்திரையில், பூர நட்சத்திரத்தை ஒட்டி விழா வரும். நம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் முக்கொம்பு நட்டு, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திருவிழாவுக்குக் காத்திருக்கும் அதே காலம். வெயிலும் அதே வெயில்தான்.

பூரத்துக்கு முன்பே 'சாம்பிள் வெடிக்கெட்டு' என்று வாணவேடிக்கையின் முன்னோட்டம் நடக்கும். நெற்றிப்பட்டம், ஆலவட்டம், வெண்சாமரம், குடைகள் எல்லாவற்றையும் பொதுமக்கள் பார்க்கக் கண்காட்சியாக வைப்பார்கள். முந்தைய நாள் நெய்தலக்காவு பகவதி யானை மேல் வந்து, வடக்குநாதர் கோயிலின் தெற்குக் கோபுர வாசலைத் திறந்து வைத்துப் போவார்.

பூரத்தன்று அதிகாலை முதலில் வருபவர் கணிமங்கலம் சாஸ்தா. வெயிலும் மழையும் படாமல் வந்து திரும்ப வேண்டும் என்பது அவருக்கான வழக்கம். பிறகு ஒவ்வொன்றாகச் சிறு கோயில்களின் ஊர்வலங்கள். முற்பகலில் திருவம்பாடி அணியின் 'மடத்தில் வரவு' தொடங்கும். அதில் பஞ்சவாத்தியம் முழங்கும். திமிலை, மத்தளம், இடைக்கா, இலைத்தாளம், கொம்பு ஆகிய ஐந்தும் சேர்ந்தது பஞ்சவாத்தியம்.

பிற்பகலில் பாறமேக்காவு அணியின் முறை. வடக்குநாதர் கோயிலுக்குள்ளேயே ஓர் இலஞ்சி மரத்தடியில் நடப்பதால் அதற்கு 'இலஞ்சித்தற மேளம்' என்று பெயர். இலஞ்சி என்றால் வேறொன்றும் இல்லை, நம் மகிழ மரம்தான். செண்டை, இலைத்தாளம், கொம்பு, குழல் என்று இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிப்பார்கள். அங்கே வாசிக்கப்படும் மேளத்தின் பெயர் பாண்டி மேளம். கேரளத்தில் நம் ஆட்களைப் 'பாண்டி' என்று கூப்பிடும்போது முகம் சுளித்திருக்கிறோம். அவர்களுடைய மிகப் பெரிய திருவிழாவின் உச்சத்தில் முழங்குவதும் பாண்டிதான் என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தக் கோபம் போய்விட்டது.

மாலையில் இரண்டு அணிகளும் தெற்குக் கோபுரம் வழியாக இறங்கி எதிரெதிரே நிற்கும். ஒரு பக்கம் 15 யானைகள், எதிர்ப்பக்கம் 15 யானைகள். நடு யானையின் மேல் தெய்வத்தின் திடம்பு. ஒரு அணி சிவப்புக் குடை விரித்தால், அடுத்த நொடியில் அடுத்த அணி பச்சைக் குடை விரிக்கும். அவர்கள் ஓரடுக்குக் குடை என்றால் இவர்கள் பல அடுக்குக் குடை. என்னென்ன குடை வரப் போகிறது என்பது அந்த நிமிடம் வரை ரகசியம். இதுதான் குடமாற்றம். இரவு மறுபடி ஊர்வலம், விடியற்காலையில் வாணவேடிக்கை, மறுநாள் பகல் பூரம், இறுதியில் இரு தெய்வங்களும் உபசாரம் சொல்லி விடைபெறுதல். ஏறக்குறைய 36 மணி நேரம்.

இதில் வடக்குநாதர் வெளியே வருவதே இல்லை. அவர் விழாவுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர் மாதிரி. பந்தல் போடுவதிலிருந்து வாணவேடிக்கை வரைக்கும் இந்துக்களோடு முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உழைக்கிறார்கள். அது ஊர்த் திருவிழா. கோயில் திருவிழா என்பது அதில் ஒரு பகுதி.

நம் யானையும் அவர்கள் யானையும்

இங்கே நம் வழக்கத்துக்கும் அவர்கள் வழக்கத்துக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நம் கோயில்களில் உற்சவர் தேரில் வருவார், மரத்தாலும் வெள்ளியாலும் செய்த வாகனத்தில் வருவார். யானை வாகனம் என்றாலும் அது மர யானைதான். உயிருள்ள யானை முன்னால் நடந்து வரும். தீர்த்தக் குடம் சுமக்கும். ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி மாதம் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானை மேல் தண்ணீர் வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கேரளத்திலோ யானையே தேர், யானையே வாகனம். யானை வராவிட்டால் சாமி எதன் மேல் வருவார் என்று அவர்கள் கேட்பதில் அவர்கள் பக்கத்து நியாயம் இருக்கிறது.

நமக்கும் யானை மேல் ஆசை பழையதுதான். திருச்சூர் மாவட்டத்திலேயே கொடுங்கல்லூர்ப் பக்கம் திருவஞ்சைக்களம் இருக்கிறது. தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்கிருந்துதான் சுந்தரர் வெள்ளை யானை மேல் ஏறிக் கயிலைக்குப் போனார், நண்பர் சேரமான் பெருமாள் குதிரையில் பின்தொடர்ந்தார் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை.

கடல் தாண்டி இலங்கையிலும் இதே ஆசையைப் பார்க்கலாம். கண்டியில் நடக்கும் எசல பெரகரா ஊர்வலம் இன்று புத்தரின் புனிதப் பல்லுக்கான விழா. ஆனால் அதில் பல் கோயில் ஊர்வலத்தோடு நாதர், விஷ்ணு, கதிர்காமத்து முருகன், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் அலங்கரித்த யானைகளோடு வருகின்றன. முதலில் தேவாலயங்களின் விழாவாக இருந்ததில் 18ஆம் நூற்றாண்டில் பல் கோயிலையும் சேர்த்து முன்னால் நிறுத்தியவர் மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அவர் மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சாவளி. அந்தப் பத்தினித் தெய்வம் யார் தெரியுமா? நம் கண்ணகிதான். கயவாகு மன்னன் வழியாகப் பத்தினி வழிபாடு இலங்கை போனது என்பது சிலப்பதிகாரத்தோடு சேர்ந்த மரபு. நம் கூடலூர் மலை மேல் சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும் பளியங்குடி வழியாக நடந்து போய்க் கும்பிட்டு வருகிறோமே, அதே கண்ணகி அங்கே யானைகள் புடைசூழ வருகிறாள். இங்கே யானை அவளைச் சுற்றிக் காட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு பழமொழி பொய்யான கதை

இனி வரவு செலவுக்கு வருகிறேன். குமாஸ்தா புத்தி அங்கேதான் போகும்.

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்போம். ஒரு காலத்தில் அது உண்மை. கேரளத்தில் பெரிய தறவாடுகளும் கோயில்களும் யானை வைத்திருந்தன. நிலம் இருந்தது, நெல் இருந்தது, தென்னை ஓலையும் பனை மட்டையும் இருந்தன. யானை வருடத்தில் பெரும்பகுதி காட்டில் மரம் இழுத்தது. திருவிழாக் காலத்தில் சாமி சுமந்தது. வேண்டுதலாக யானையையே கோயிலுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. புகழ்பெற்ற குருவாயூர் கேசவன் 1922இல் நிலம்பூர் அரச குடும்பம் காணிக்கையாகக் கொடுத்த யானை. 1976 டிசம்பர் 2, குருவாயூர் ஏகாதசி நாளில் அது இறந்தது. இன்றும் ஒவ்வொரு ஏகாதசிக்கும் அங்கே அதற்கு மரியாதை செய்கிறார்கள்.

பிறகு காலம் மாறியது. நிலச் சீர்திருத்தம் வந்து பெரிய நிலங்கள் பிரிந்தன. காட்டில் மரம் வெட்டுவது குறைந்தது. இழுக்க லாரியும் கிரேனும் வந்தன. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தந்தத்தை விற்க முடியாது. யானையையே விற்க முடியாது. ஆக, இறந்த யானைக்கு ஆயிரம் பொன் என்பது முடிந்தது. உயிரோடு இருக்கும் யானையோ ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தீவனம் தின்னும், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். பாகர்களுக்குச் சம்பளம், மருத்துவச் செலவு வேறு.

கணக்கு மொழியில் சொன்னால், சும்மா நின்றாலும் செலவு வைக்கும் சொத்து அது. அதற்கு மிஞ்சிய ஒரே வருமானம் திருவிழா வாடகைதான். மலையாளத்தில் அதை ஏக்கம் என்பார்கள். பெயர் பெற்ற உயரமான யானைகளுக்கு ஏலம் வைத்து, ஒரு நாளுக்கு லட்சக்கணக்கில் போகிறது. யானைக்கு ரசிகர் மன்றமும் ஃபிளக்ஸ் பேனரும் உண்டு.

இன்னொரு பக்கம், யானைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. கூட்டுக்குள் யானைகள் பெருகுவது அரிது. முன்பு பீகார், அசாம் பக்கத்திலிருந்து வாங்கி வந்தார்கள். பிறகு அந்த வழியும் அடைபட்டது. 2018இல் கேரள வனத்துறை எடுத்த கணக்கில் வளர்ப்பு யானைகள் 521. அதன் பிறகும் பல இறந்துவிட்டன. ஆனால் திருவிழாக்கள் குறையவில்லை, கூடின. குறைந்த யானை, அதிக விழா. இந்த ஒரு கணக்கில்தான் இன்றைய பிரச்சினைகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இன்று இங்கே நின்ற யானை இரவோடு இரவாக லாரியில் ஏறி நாளை வேறு ஊரில் நிற்கிறது.

நான் பார்த்த கால்கள்

1988இல் வங்கி நண்பர்கள் நால்வரோடு பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாக பஸ் மாறி மாறித் திருச்சூர் போனேன். குடமாற்றம் பார்த்தேன். முப்பது நெற்றிப்பட்டங்களும் மாலை வெயிலில் ஒரே நேரத்தில் மின்னியதை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம். மேளம் ஏறும்போது பல்லாயிரம் கைகள் காற்றில் தாளம் போடும். நானும் போட்டேன். பக்கத்தில் நின்ற முகம் தெரியாத பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்படி ஒரு அனுபவம் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. சென்ற கூட்டத்தில் கை தூக்கியது அந்த 1988 கைதான்.

சில வருடங்கள் கழித்து, வேறொரு ஊரில் ஒரு சிறிய கோயில் திருவிழா. ஊர்ப் பெயர் வேண்டாம். கூட்டம் அதிகம் இல்லாததால் யானைக்கு மிக அருகில் நிற்க முடிந்தது. மேலே பார்த்தால் அதே நெற்றிப்பட்டம், அதே குடை. கீழே பார்த்தேன். மதிய வெயிலில் தார்ச் சாலை கொதித்துக்கொண்டிருந்தது. யானை முன்னங்காலைத் தூக்கி ஆற்றியது, வைத்தது. அடுத்த காலைத் தூக்கியது, வைத்தது. சங்கிலி இருந்ததால் ஓரளவுக்கு மேல் தூக்க முடியவில்லை. சங்கிலி உரசிய இடத்தில் தோல் வெளுத்திருந்தது. "ஆனை தாளம் போடுது பாருங்க!" என்று பக்கத்தில் ஒருவர் தன் குழந்தைக்குக் காட்டினார். நானும் அப்போது சிரித்தேன்.

யானைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. காதை வீசித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தரையில் வரும் அதிர்வைக் கால் வழியாகவே உணரும் பிராணி அது. நாம் காதால் கேட்கும் வெடியை அது காலாலும் கேட்கிறது. இதை எல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது, அது தாளம் போடவில்லை என்பது புரிந்தது.

மிரண்டால் என்ன ஆகும்?

ஏ பிளாக் அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். யானை கெட்ட பிராணி இல்லை. ஆனால் மிரண்டால் நிறுத்த ஆள் இல்லை.

கேரளத்தின் மிக உயரமான, மிகப் பிரபலமான யானை தெச்சிக்கோட்டுக்காவு ராமச்சந்திரன். பூரத்துக்கு முந்தைய நாள் தெற்குக் கோபுர வாசலைத் திறக்கும் பெருமை பெற்றது. 2019 பிப்ரவரியில் குருவாயூர் அருகே ஒரு விழாவுக்காகக் கொண்டுவரப்பட்டிருந்தபோது, பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குத் தடை விதித்தபோது, மற்ற யானைகளையும் அனுப்ப மாட்டோம் என்று உரிமையாளர்கள் சொன்னார்கள். கடைசியில் மருத்துவச் சோதனைக்குப் பிறகு, கடும் நிபந்தனைகளோடு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்கவே பெருங்கூட்டம் கூடியது.

2024 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் விதிமுறைகள் வகுத்தது. இரண்டு யானைகளுக்கு நடுவே 3 மீட்டர், பந்தத்திலிருந்து 5 மீட்டர், மக்களிடமிருந்து 8 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றது. இப்படியானால் பூரமே நடத்த முடியாது என்று திருவம்பாடியும் பாறமேக்காவும் உச்ச நீதிமன்றம் போயின. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த இரண்டு மாதத்தில், 2025 பிப்ரவரியில், கொயிலாண்டி அருகே ஒரு கோயில் திருவிழாவில் இரண்டு யானைகள் மிரண்டு ஓடியதில் மூன்று பேர் இறந்தார்கள்.

கேரளத்தை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2024 நவம்பரில் நம் திருச்செந்தூர்க் கோயில் யானையால் அதன் பாகரும் அவருடைய உறவினரும் இறந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். வருடக்கணக்கில் சோறு ஊட்டிய கை அது.

நம் 8 மீட்டர் கணக்கையும் பார்த்துவிடுவோம். கேட்டிலிருந்து பிள்ளையார் கோயில் வரை உள்ள நம் உள்சாலையில் இருபுறமும் கார் நின்றால் மிச்சம் இருப்பது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். தீயணைப்பு வண்டி திரும்ப இடம் இல்லை என்று நான்கு கூட்டமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அரிக்கொம்பனும் நாமும்

யானையைப் பற்றிப் பேசிவிட்டு, தேனி மாவட்டத்துக்காரன் அரிக்கொம்பனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சின்னக்கானல் பக்கம் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த காட்டு யானை. 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 காலையில் அது கம்பம் நகருக்குள் நடந்து வந்தது. 144 தடை உத்தரவு போட்டார்கள். காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். ஜூன் 5 அன்று மறுபடி ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றிக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த லாரி போன வழியெல்லாம் மக்கள் நின்று பார்த்தார்கள். திட்டியவர்களும் உண்டு, கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு.

அந்தப் பத்து நாளும் நம் வளாகத்தில் பேச்சு அதுதான். ஒரே பிராணியை நாம் இரண்டு விதமாகப் பார்க்கிறோம். நெற்றிப்பட்டம் கட்டினால் கணபதி, கட்டாவிட்டால் அட்டகாசம். இரண்டுக்கும் நடுவில், வெறும் யானையாக அதை இருக்க விடும் இடம் குறைந்துகொண்டே போகிறது.

நம் ஊரை ஒட்டி ஓடும் முல்லைப் பெரியாற்றை நினைத்துப் பாருங்கள். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையிலிருந்து, மலையைக் குடைந்து வரும் தண்ணீர். தேக்கடி ஏரிக்கரையில் யானைக் கூட்டம் இறங்கிக் குடித்துவிட்டு மிச்சம் வைத்த தண்ணீர்தான் நம் பள்ளத்தாக்கின் வயலுக்கும் குடத்துக்கும் வருகிறது. அந்த வகையில் பார்த்தால் நாம் யானையின் பந்தியில் இரண்டாவதாக உட்காருகிறவர்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

திருச்சூர்க்காரர்கள் யானையை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருநூறு ஆண்டு வழக்கத்தை அவர்களும் அவர்கள் நீதிமன்றங்களும் பேசி முடிவு செய்யட்டும். எனக்கே அந்தக் குடமாற்றத்தை இன்னொரு முறை பார்க்க ஆசை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நமக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. இல்லாத ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறோமா என்பதுதான் நம் முன்னால் இருக்கும் கேள்வி. ஒரு வருடம் தொடங்கினால் அடுத்த வருடம் நிறுத்த மனம் வராது. அதற்கடுத்த வருடம் பக்கத்து வளாகம் இரண்டு யானை கொண்டுவரும். சக்தன் தம்புரான் காலத்துப் போட்டி மனப்பான்மை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

மாற்று வழி பற்றியும் ஒரு தகவல். 2023 பிப்ரவரியில் அதே திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்ஞாடப்பள்ளி ஸ்ரீகிருஷ்ணன் கோயிலில், இனி உயிருள்ள யானையைக் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்து, பீட்டா இந்தியா அமைப்பு கொடுத்த இயந்திர யானையை நடைக்கு வைத்தார்கள். பத்தரை அடி உயரம், 800 கிலோ எடை. காது ஆட்டும், தும்பிக்கை தூக்கும், மேலே ஆட்கள் உட்காரலாம். கேட்டதும் நான் சிரித்தேன். பிறகு யோசித்தால், நாம் நூற்றாண்டுகளாக மர யானை வாகனத்தில்தானே சாமியை ஏற்றி வருகிறோம்? அதில் யாருக்காவது பக்தி குறைந்ததா?

என் யோசனை மூன்று.

ஒன்று, வருஷாபிஷேகத்துக்கு உயிருள்ள யானை வேண்டாம். பிள்ளையார் தன் மூஞ்சுறு வாகனத்திலேயே வளாகத்தைச் சுற்றி வரட்டும். செண்டை மேளம் வரட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வாசிக்கும் கலைஞர்களுக்கும் அது பிழைப்பு.

இரண்டு, யானைக்கென்று எடுத்து வைக்க நினைத்த தொகையை வீணாக்க வேண்டாம். உள்சாலையில் தீயணைப்பு வண்டி திரும்பும் அளவுக்கு இடம் ஒதுக்கிக் கோடு போடும் வேலை நிலுவையில் இருக்கிறது. அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்று, அடுத்த சித்திரையில் ஆர்வமுள்ளவர்கள் ஒரு வேன் பிடித்துத் திருச்சூர் போய் வருவோம். பி பிளாக் தம்பி அந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும். அங்கே போனால் குடையையும் பாருங்கள், மேளத்தையும் கேளுங்கள். ஒரு நிமிடம் குனிந்து காலையும் பாருங்கள்.

சென்ற கூட்டத்தில் தூக்கிய கையை நான் இறக்கிக்கொள்கிறேன். இது என் ஒருவனுடைய கருத்து மட்டுமே. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் கூட்டத்துக்கு வந்து பேச வேண்டும். பேசி முடிவு எடுத்தால், எந்த முடிவானாலும் வசூல் நோட்டோடு வீடு வீடாக வருவதற்கு நான் தயார்.